பட்டாளத்துக்குப் போக ஒரு கையெழுத்து

எங்கள் கல்லூரி முதல்வர் நடராசன் அவர்களின் கையெழுத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது போன ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.  அதுவரை அந்தக் கையெழுத்தை நானே ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை போட்டிருந்தேன்.

இதில் என் தப்பு கொஞ்சம்தான். முதல் வருடம் அப்பா போட வேண்டிய கையெழுத்தை ஒரு ஃபாரத்தில் நானே போட்டுவிட, ஆபீஸ் புவனேஸ்வரி மேடம் கண்டுபிடித்துவிட்டார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மேடம் ஃபாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கை நல்லா ஓடுதேப்பா ஒனக்கு" என்றார். அன்றைக்கு உதவித்தொகை ஃபாரம் அனுப்பக் கடைசி நாள். நூற்று எண்பது ஃபாரம் முதல்வர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. முதல்வர் பல்கலைக்கழக வேலையாக வெளியே போயிருந்தார். எங்கள் முதல்வர் எப்போதுமே பல்கலைக்கழக வேலையாக வெளியே போயிருப்பவர். பல்கலைக்கழகத்தில் விசாரித்தால் கல்லூரி வேலையாகப் போயிருப்பதாகச் சொல்வார்கள். மேடம் பீரோவிலிருந்து பழைய தாள் கட்டு ஒன்றை உருவி, ஒரு தாளைக் காட்டி, "இதே மாதிரி போடு, சீல் நான் வச்சுக்கறேன்" என்றார்.

யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு பெரிய வளைவு, அதற்குக் கீழே இரண்டு கோடு, கடைசியில் ஒரு புள்ளி. பத்தாவது ஃபாரத்திலேயே கை பழகிவிட்டது. அந்த ஜூனில்தான் மேடம் எங்கள் கல்லூரிக்கு மாற்றலாகி வந்திருந்தார். நடராசன் சாரும் அந்த ஜூனில்தான் வந்திருந்தார். நாங்களும் முதல் வருடம், அவர்களும் முதல் வருடம். யாருக்கும் யாரையும் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வருடம் மாணவர்கள் சம்பந்தப்பட்ட எந்தத் தாளும் என்னைத் தாண்டிப் போனதில்லை. மாலை நாலு மணிக்கு ஆபீசுக்குப் போவேன், கட்டை முடிப்பேன், டீ குடிப்பேன், பஸ் ஏறுவேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது கிடையாது. முதல்வர்கள் படிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அறிவழகன் என் வகுப்பு. ஊர் குரும்பலூர். என்.சி.சி.யில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவன். காலை அணிவகுப்புக்கு அஞ்சரைக்கே வந்து மைதானத்தில் நாயை விரட்டிக்கொண்டிருப்பான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே அவன் அப்பா ராசாங்கம், "ஒன் கூட்டாளி ஜெயசீலன்கூட ஆளெடுப்புக்குப் போயிடுடா" என்றிருக்கிறார். கொத்தனார் வேலை பார்க்கிறவர். வீட்டில் ஒரு சம்பளம் சீக்கிரம் வந்தால் நல்லது என்று நினைத்தார். இவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு வருசம் குடுங்கப்பா, டிகிரியோட ஆபீசரா போறேன்" என்று கேட்டு வாங்கினான். அந்த மூன்று வருடம் முடிகிற நேரத்தில் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெங்களூரில் இருக்க வேண்டும். போகும்போது, இவன் இந்தக் கல்லூரியில்தான் இறுதியாண்டு படிக்கிறான், நடத்தை நல்லது என்று முதல்வர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பது நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டான். பொங்கல் லீவில் கட்டு தேங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றிருக்கிறான்.

"மணி இன்னும் வரல தம்பி. அவன் வந்தாதான் சைன் ஆவும்" என்றார் மேடம்.

"எந்த மணி மேடம்?"

"நம்ம வீரமணிதான். ஏன், ஒனக்குத் தெரியாதா?"

நான் கேண்டீனில் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அறிவழகன் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றான்.

"பிரின்சிபால் சைன நீயாடா போடுற?"

"அவசரத்துக்கு."

"மூணு வருசமாவா அவசரம்?"

"குடு, ஒனக்கும் போட்டுத் தரேன். அரை நிமிசம்."

"வேணாம். பட்டாளத்துக்குப் போற பேப்பர்டா. எனக்கு நிஜக் கையெழுத்து வேணும்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டாயிரம் தாளில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

"அப்ப நவம்பர்ல விண்ணப்பத்தோட வச்சு அனுப்பினனே ஒரு சர்டிபிகேட்டு, அது?" என்றான்.

"அது சாரே போட்டது" என்றேன். வாயில் பப்ஸை வைத்துக்கொண்டு சொன்னால் பொய் பொய்யாகத் தெரியாது.

முதல்வர் எங்கே என்று மேடத்திடம் கேட்டதில், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் ஏதோ கருத்தரங்கு, சார்தான் சிறப்பு விருந்தினர், போன் எடுக்க மாட்டார் என்று தெரிந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டிப் போக வேண்டும். எங்கள் பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. ஆகவே கோயிலில் கையெழுத்து, திரும்பி வரும் வழியில் அரியலூரில் அஞ்சு மணி ரயில், திருச்சியில் இறங்கி ராத்திரி பெங்களூர் வண்டி என்று முடிவானது. நானும் வருகிறேன் என்றேன். நட்பு என்று அறிவழகன் நினைத்துக்கொண்டான். அவன் ஃபைலில் இருக்கும் பழைய சான்றிதழின் நகலை முதல்வர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

வண்டி ஜெயசீலனுடையது. அவன் ஏலாக்குறிச்சிக்காரன், பள்ளியில் எங்களோடு ஒரே விடுதி. அக்னிவீரனாகச் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. மாதா கோயிலில் தங்கைக்குக் கல்யாணம் என்று லீவில் வந்திருந்தான். தலைமுடியைப் பார்த்தாலே முதுகு நிமிர்ந்துவிடும்.

"ஒரு வண்டியில மூணு பேர் ஏறக்கூடாது" என்றான். அறிவழகன் கடிதத்தைக் காட்டினான். ஜெயசீலன் படித்தான். "மிலிட்டரி ஆபரேஷன்னா ஏறலாம்."

சிமெண்டு லாரிகளுக்கு நடுவே போனோம். அரியலூர் வருவதற்குள் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் புருவம். ஜெயசீலன் ஓட்டிக்கொண்டே கத்தினான்.

"ஏன்டா அறிவு, அங்க மொதக் கேள்வியே என்ன கேப்பாங்க தெரியுமா? பன்னெண்டு முடிச்சதும் வராம காலேஜ்ல மூணு வருசம் என்னத்தக் கத்துக்கிட்டன்னு கேப்பாங்க."

"தலைமைப் பண்பு" என்றான் அறிவழகன்.

"யாருக்குத் தலைமை?"

"என்.சி.சி.ல அறுபது பேரு."

"அறுபது பேரும் எதுக்கு வருவானுங்க?"

அறிவழகன் யோசித்தான். பொய் சொல்ல வராதவன். "அணிவகுப்பு முடிஞ்சதும் பூரி போடுவாங்க."

"நான் மைனஸ் பன்னெண்டு டிகிரில நின்னவன்டா. பூரியும் கெடையாது, ஒன்னும் கெடையாது. பக்கத்துல நின்னவன் நாகாலாந்து. அவன் பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவனுக்குப் புரியாது. ஒரே போர்வை. அது அனுபவம். ஒங்க காலேஜ்ல அப்புடி என்ன இருக்கு?"

"பலதரப்பட்ட ஆளுங்களோட பழகலாம்" என்றேன், நண்பனுக்குக் கைகொடுக்க.

"பலதரப்பட்டவனா? ஒங்க கிளாஸ்ல எல்லாவனும் ஒரே டவுன் பஸ்ல வர்றவன்."

 அறிவழகனுக்கு அது வேதனையாக இருந்தது. ஜெயசீலன் சொன்னது சரி என்றால் அப்பாவிடம் கேட்டு வாங்கிய மூன்று வருடமும் தண்டம்.

முதல்வர் கோயில் புல்தரையில், மதில் நிழலில், சாம்பார் சாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். பெரிய நந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற பேராசிரியர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மூன்று பேரின் புழுதி முகத்தையும் பார்த்து அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

"சார், நாங்க ஒங்க காலேஜ்தான்" என்றான் அறிவழகன்.

"அப்படியா?" என்றார் ஆச்சரியமாக.

விஷயத்தைச் சொன்னான். மேடம் தட்டச்சு செய்து சீலும் வைத்துக் கொடுத்திருந்த சான்றிதழை நீட்டினான். சார் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். நான் ஃபைலை என் கைக்கு வாங்கிக்கொள்ள நகர்ந்தேன். அதற்குள் அவர், "இதுதான் வாசகமா? முன்னாடி குடுத்ததக் காட்டு" என்று கேட்டுவிட்டார். அறிவழகன் நகலை எடுத்து நந்திக்கும் தெரிகிற மாதிரி விரித்தான்.

சார் நகலைப் பார்க்காமல் முதலில் புதிய தாளில் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் பார்த்தேன். தும்பிக்கை இல்லை. கோடு இல்லை. செத்த எறும்பு ஒன்று பக்கவாட்டில் கிடந்தாற்போல ஒன்று. அவ்வளவுதான். இரண்டாயிரம் தாளும் என் கண் முன்னால் வரிசையாகப் பறந்தன.

சார் அடுத்து நகலைப் பார்த்தார். அவர் வாயில் சாம்பார் சாதம் அப்படியே நின்றது.

"இது யாரு சைன்?"

"ஒங்களுதுதான் சார்" என்றான் அறிவழகன்.

"நான் எப்படா இப்படிப் போட்டேன்?" சார் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டார். "போலி சர்டிபிகேட்டு வச்சுப் பட்டாளத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கியா? போலீசுக்குச் சொல்லணும்டா இத!"

 அறிவழகன் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை. வெறுமனே பார்த்தான். ஜெயசீலன் ஹெல்மெட்டைத் தலையிலிருந்து கழற்றினான்; அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் பேசிவிட்டேன்.

"நான்தான் சார் போட்டேன். இவனுக்குத் தெரியாது. ஆபீஸ்ல போடச் சொன்னாங்க. இது மட்டும் இல்ல சார்."

"எவ்ளோ?"

சொன்னேன். சார் புல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு கருத்தரங்கு அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பி, "போட்டுக் காட்டு" என்றார். போட்டேன்.  தும்பிக்கை அழகாக எழுந்தது. சார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"டேய், இது அய்யம்பெருமாள் சார் சைன்டா. எனக்கு முந்தி இருந்தாரே, அவரு. செத்து மூணு வருசம் ஆச்சு. காரியத்துக்கு நான் போயிட்டு வந்தேன்."

 மூன்று வருடமாக எங்கள் கல்லூரியின் உதவித்தொகை, பஸ் பாஸ், நடத்தைச் சான்று அத்தனையையும் இறந்துபோன ஒருவர் கையெழுத்திட்டு நடத்தியிருக்கிறார். ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.

முதலில் தெளிந்தவர் நடராசன் சார்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இத இப்படியே கிழிச்சிடுவோம். இன்னொரு காப்பி வச்சிருக்கியா? இவன் பழையபடி அதுல போடட்டும். அங்க இருக்கறதும் இதுவும் ஒன்னாயிடும். ஒருத்தனும் கேக்க மாட்டான்." என்னைப் பார்த்து, "போடுறா. நான் சொல்றேன்ல" என்றார்.

முதல்வர் தம் கையெழுத்தைத் தம் முன்னாலேயே போலியாகப் போடச் சொல்கிறார். என் தொழிலில் இதற்கு மேல் உயரம் கிடையாது. பேனாவை எடுத்தேன்.

ஜெயசீலன் அறிவழகன் காதில் சொன்னான், ஆனால் எனக்கும் கேட்டது. "வாங்கிக்கடா. பேப்பர் மேட்ச் ஆவணும், அவ்ளோதான். ரெண்டு சைன் ரெண்டு மாதிரி இருந்தா வாசல்லயே நிறுத்திடுவானுங்க. மணி மூணு ஆவுது."

அறிவழகனுக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு தாள்தான். தலையை ஆட்டினால் போதும். நாங்கள் மூன்று பேரும், நந்தியையும் சேர்த்தால் நாலு பேர், அவன் தலையையே பார்த்தோம்.

"இல்ல சார்" என்றான். "நீங்க போட்டதக் குடுங்க. அதத்தான் எடுத்துட்டுப் போவேன்."

"ரெண்டும் வேற வேறயா இருக்கும்டா. ஒன்னையத்தான் திருடன்னு சொல்லுவாங்க."

"பழசு ஒங்களுது இல்லன்னு ஒரு லெட்டர் குடுங்க சார்."

"அதெப்படி நான் குடுக்கறது? எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு. நான் சொல்றதக் கேளு."

"சார், மன்னிச்சிருங்க. நீங்க சொல்றத என்னால செய்ய முடியாது சார்." அட்டென்ஷனில் நின்று சொன்னான். 

சார் சான்றிதழை அவன் கையில் திணித்தார். "நான் ஒன்னும் பாக்கல, ஒன்னும் கேக்கல" என்று சாம்பார் சாதப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறிவழகன் என் பக்கம் வந்தான். "நீ எழுது."

"என்னத்த?"

"நடந்தத. யாரு போட்டான்னு."

ஜெயசீலன்தான் வாசகம் சொன்னான். பட்டாளத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி அனுபவம் உள்ளவன். வண்டி சீட்டின்மேல் தாளை வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கீழே கையெழுத்துப் போடப் போனால், கை தானாகத் தும்பிக்கையைத் தூக்குகிறது. எனக்கென்று ஒரு கையெழுத்து இத்தனை நாளும் தேவைப்படவே இல்லை. கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரி பெயரைத் தமிழில் முழுதாக எழுதி வைத்தேன்.

அரியலூர் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. அறிவழகன் ஏறினான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயசீலன் மட்டும் ஜன்னலோடு ஓடிக்கொண்டே, "டேய், நீயா எடுத்துக் குடுக்காத, கேட்டா மட்டும் குடு" என்று கத்தினான்.

கேட்காமலேயே கொடுத்துவிட்டான். சனிக்கிழமை காலை தாள்களைச் சரிபார்த்தவர் சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். இவன் நகராமல் நின்று, "சார், நவம்பர்ல அனுப்பினதுல இருக்கற சைன் நிஜம் இல்ல சார்" என்றானாம். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் இவனைப் பைத்தியம் என்று நினைத்து ஓரடி தள்ளி நின்றார்கள். உள்ளே அழைத்துப்போய் என் கடிதத்தை இரண்டு அதிகாரிகள் படித்தார்கள். ஒருவர் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். சிரிக்கப் போனாரா என்று அறிவழகனுக்குத் தெரியவில்லை. பத்து நாளுக்குள் முதல்வர் நேரடியாக எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேர்வில் உட்கார விட்டார்கள்.

நேர்முகத்தில் ஜெயசீலன் சொன்ன அதே கேள்வி. பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்திருக்கலாமே, கல்லூரி உனக்கு அப்படி என்ன கொடுத்தது? ரயிலில் அறிவழகன் தலைமைப் பண்பைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தான். அந்த நேரத்தில் அது வரவில்லை.

"மேல இருக்கறவரு தப்பா ஒன்னு செய்யச் சொன்னா, முடியாதுன்னு மரியாதையா சொல்லப் பழகினேன் சார்" என்று சொல்லிவிட்டான்.

அதிகாரி பேனாவை மூடினாராம். "பட்டாளத்தில் அது அடிக்கடி தேவைப்படாது" என்றாராம். கொஞ்சம் கழித்து, "தேவைப்படுகிற அன்றைக்கு ரொம்பத் தேவைப்படும்" என்று சொல்லி, பேனாவைத் திறந்து ஏதோ எழுதினாராம். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அஞ்சாம் நாள் தேர்வானவர்களின் எண்ணைப் படித்தார்கள். இவன் எண் இல்லை.

அவன் அப்பா ராசாங்கம் கையிலிருந்த செங்கலைக் கீழே வைத்துவிட்டு, "சைனாலயா?" என்று கேட்டாராம். "இல்லப்பா, அத ஒத்துக்கிட்டாங்க. எல்லாரும் சேர்ந்து பேசுற தேர்வுல நான் கம்மியாப் பேசிட்டேன். இன்னொரு தடவை போடலாம்னு சொல்லியிருக்காங்க." அவர் மேலும் கேட்கவில்லை. "போடு" என்றார். இதைக் கேட்டு அறிவழகன்தான் ஆடிப்போனான்.

நடராசன் சார் உறுதிக் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. எழுதினார். கையோடு எனக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன், மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை. பிறகு நடந்ததை எங்கள் கல்லூரி இன்னும் நம்பவில்லை. முதல்வர் தினமும் வர ஆரம்பித்தார். பத்து மணிக்கு வந்து, அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் படித்து, தாமே கையெழுத்துப் போட்டார். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்தபோது வாட்ச்மேன் நல்லுசாமி, "யாருங்க, யாரப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டார். படிப்பதால் வேலை நகரவில்லை. வரிசை அறை வாசலில் தொடங்கி, வராந்தாவைச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டு வரை போயிற்று.

மார்ச்சில் அடுத்த விண்ணப்பத்துக்கு அறிவழகனுக்குப் புதிதாகச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நூற்று நாற்பதாவது ஆளாக நின்றான். நான் அவனுக்குப் பின்னால். எல்லைக்குத் திரும்பிவிட்ட ஜெயசீலன் வீடியோ அழைப்பில் வந்தான். மூக்கு சிவந்து, பின்னால் பனி.

"எவ்ளோ நேரமாடா நிக்கிறீங்க?"

"மூணு மணி நேரம்" என்றேன்.

"ஒக்கார விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"சாப்பாடு?"

"வரிசைய விட்டுப் போனா மறுபடி கடைசிலேருந்து நிக்கணும்."

அவன் வரிசையைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். "சரி, போயிட்டு வா அறிவு. இந்தத் தடவை நிறையப் பேசுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மூன்றரைக்கு உள்ளே போனோம். சார் சான்றிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். நிமிர்ந்து அறிவழகனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். சீலும் அவரே வைத்து, மை காயும்வரை ஊதிக் கொடுத்தார்.

"இந்தத் தடவை வந்திரும்ல?"

"தெரியல சார். போவேன் சார்."

அறிவழகன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான். சார் பார்வை என் மேல் விழுந்தது.

"நீ எதுக்கு வந்த?"

"சஸ்பென்ஷன் முடிஞ்சிருச்சு சார். கிளாஸ்ல சேத்துக்கலாம்னு நீங்க ஒரு சைன் போடணும்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"நாளைக்கு வா."